சந்தியில் ஒரு சிற்பம் வைக்குமுன்: பொதுக்கலை பற்றி ஓர் எளிய விளக்கம்

யாரும் நுழைவுச்சீட்டு வாங்காமல், யாருடைய கதவையும் தட்டாமல் பார்க்கக்கூடிய இடத்தில் இருக்கும் கலையைப் பொதுக்கலை என்கிறோம். சந்தியில் நிற்கும் சிலை, பஸ் நிலையத்துச் சுவரோவியம், பூங்காவில் பிள்ளைகள் ஏறி விளையாடும் கல் ஆமை, வைத்தியசாலை நடையில் பதித்த ஓட்டுச் சித்திரம் எல்லாம் இதற்குள் வரும். அருங்காட்சியகத்துக்கு விரும்பியவர் போவார். சந்திச் சிலை அப்படியல்ல. மீன் வாங்கப் போகிறவர் கண்ணிலும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை கண்ணிலும் நாள்தோறும் படும், பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும். மற்றக் கேள்விகள் எல்லாம் இங்கிருந்துதான் பிறக்கின்றன: யாரைக் கேட்டு வைப்பது, யார் காசில் வைப்பது, பத்து வருடம் கழித்து யார் கழுவிப் பூசுவது.

நகரத்தை அழகுபடுத்துவது பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் “சந்தியில ஒரு சிலை வைப்பம்” என்று யாராவது சொல்வார். நல்ல எண்ணம்தான். ஆனால் சிலையை நிறுத்துவது இந்த வேலையின் நடுப்பகுதி மட்டும். அதற்கு முன்னால் ஊரோடு நீண்ட பேச்சு இருக்கிறது. பின்னால் அதைவிட நீண்ட பராமரிப்பு இருக்கிறது. நான் அறிந்தவரை தோற்றுப்போன பொதுச் சிற்பங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு இடங்களில்தான் தோற்றிருக்கின்றன. சிற்பிக்குக் கைத்திறன் போதாமல் தோற்றவை குறைவு.

நம்மூரில் ஏற்கெனவே இருப்பவை

திருகோணமலைக்கு இது புதிய விஷயமில்லை. பிரெட்ரிக் கோட்டை வாசலால் போகும்போது கல்நிலையருகே கொஞ்சம் நின்று பாருங்கள். இரட்டை மீன் சின்னமும், உடைந்து தேய்ந்த தமிழ் எழுத்துகளும் தெரியும். 1622இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோவிலை இடித்தார்கள். அதன் கற்களையே கோட்டை கட்டவும் எடுத்தார்கள். அந்தக் கல்லை யாரும் கலைப்பொருளாக அங்கே வைக்கவில்லை. ஆனாலும் இன்று கோவிலுக்குப் போகிற எல்லோரும் கடந்துபோகும் வாசலில், ஊரின் கதையை அதுதான் முதலில் சொல்கிறது.

மேலே கோவிலடியில் பெரிய சிவன் சிலை இருக்கிறது, இராவணன் சிலை இருக்கிறது. அவற்றைப் பொதுக்கலையோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. வழிபாட்டோடு ஒட்டிய சிலைக்கு மரபும் கோவில் நிருவாகமும் பொறுப்பு. பொது நிலத்தில் பொதுக் காசில் வைப்பதற்கு ஊர் முழுவதும் பொறுப்பு. இந்த எல்லைக்கோட்டைத் தெளிவாகப் போட்டுவிட்டால் பல சண்டைகள் தொடங்கவே மாட்டா.

கடற்கரையில் உள்ள காந்தி சிலையைப் பாருங்கள். ஒரு தலைவருக்கு மரியாதை செய்யத்தான் அது வைக்கப்பட்டது. 2006 சனவரி 2ஆம் திகதி மாலை அந்தச் சிலையடியில் கூடியிருந்த மாணவர்கள் ஐந்து பேர் கொல்லப்பட்டார்கள். அதன்பின் அந்த இடம் வேறாகிவிட்டது. சனவரி பிறந்தால் அங்கே அந்தப் பிள்ளைகளை நினைத்து விளக்கேற்றுகிறார்கள். சிலையில் ஒரு கோடுகூட மாறவில்லை; அதை ஊர் பார்க்கும் பார்வை மாறிவிட்டது. பொதுவெளியில் நிற்கும் சிற்பத்துக்கு அதைச் செய்தவர் தரும் பொருள் ஒன்று, ஊர் காலப்போக்கில் ஏற்றும் பொருள் இன்னொன்று. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நம் கரையோரக் கிராமங்களில் எழுந்த நினைவுக்கற்களில் இந்த இரண்டும் தொடக்கத்திலேயே ஒன்றாக இருக்கின்றன. வைத்தவர்களே அழுதவர்களும்.

தற்காலிகப் பொதுக்கலை என்று வெளிநாட்டு நகரங்கள் பெரிதாகப் பேசுவதையும் நாம் நெடுங்காலமாகச் செய்துவருகிறோம். தேருக்கு முதல்நாள் இரவு இழுக்கும் சப்பறம் அதுதான். மரச்சட்டம், வர்ணத்தாள், துணி, மின்குமிழ் கொண்டு ஊர் இளைஞர்கள் நாள்கணக்கில் நின்று கட்டுவார்கள். ஓர் இரவு வீதியில் எழுந்து நிற்கும். பிறகு அவிழ்த்து வைத்துவிடுவார்கள். வெசாக் தோரணமும் அந்த வகைதான். யார் வடிவமைத்தார், யார் கட்டினார், யார் காசு கொடுத்தார் என்பதெல்லாம் ஊருக்குத் தெரியும். சமூகச் சிற்பம் என்று கீழே சொல்லப்போவதை விளங்கிக்கொள்ள இந்த அனுபவமே போதும்.

நகரத் திட்டம் என்றால் என்ன

ஒரு விழாவுக்காக அவசரமாக ஒரு சிலை வாங்கி வைத்தால் அதைத் திட்டம் என்று சொல்ல முடியாது. ஆண்டுதோறும் ஓரளவு பணம் வர வேண்டும். எழுதிவைத்த விதி வேண்டும். எந்தக் கலைஞர், எந்த இடம் என்று தீர்மானிக்கும் குழு வேண்டும். நகரத்திடம் என்னென்ன சிற்பங்கள், எந்த நிலையில் இருக்கின்றன என்ற பதிவேடும் வேண்டும்.

பணத்துக்கு உலகில் பல நகரங்கள் கைக்கொள்ளும் வழி மிக எளிது. பொதுக் கட்டடம் ஒன்று கட்டினால் அதன் செலவில் ஒரு சதவீதம் கலைக்கு. அமெரிக்க நகரங்களில் இதை முதலில் சட்டமாக்கியது பிலடெல்பியா, 1959இல். சியாட்டில் 1973இல் சேர்ந்துகொண்டது. நம் கணக்கில் சொன்னால், 10 கோடி ரூபாவில் ஒரு சந்தைக் கட்டடம் எழுந்தால் 10 இலட்சம் ரூபா கலைக்கு ஒதுங்கும். அந்த 10 இலட்சத்தைவிடப் பெரிய நன்மை ஒன்று இதில் உண்டு. கட்டட வரைபடம் போடும்போதே சிற்பியும் மேசையில் இருப்பார். அத்திவாரம், மின்சாரம், தண்ணீர் வடியும் வழி எல்லாவற்றையும் அப்போதே யோசிக்கலாம். கட்டி முடித்துத் திறப்புவிழாவுக்கு இரண்டு கிழமை இருக்கும்போது “வெறுமையாக இருக்குது, ஏதாவது வைப்போம்” என்று தேடிப்போகும் சிலை, அந்த இடத்துக்குப் பொருந்துவது அபூர்வம்.

தெரிவு எப்படி நடக்கிறது? பொது அழைப்பு விடுவார்கள். வந்தவற்றிலிருந்து சிலரைத் தெரிவுசெய்து, அவர்களுக்கு ஒரு தொகை கொடுத்து மாதிரியுரு செய்யச் சொல்வார்கள். அந்தத் தொகை முக்கியம். சிற்பி என்பவரும் கூலிக்கு வேலை செய்பவர்தான், இலவசமாக வரைந்து தரச் சொல்வது நியாயமில்லை. பிறகு மாதிரியுருவை மக்கள் பார்வைக்கு வைத்துக் கருத்துக் கேட்பார்கள். இதை நம்மூரில் செய்வதென்றால் மண்டபத்தில் வைக்க வேண்டாம் என்பேன். மண்டபத்துக்கு அழைப்பிதழ் கிடைத்தவர்தான் வருவார். மீன் சந்தையில் ஒரு மேசை போட்டு வையுங்கள், பஸ் நிலையத்தில் வையுங்கள், வெள்ளிக்கிழமை கோவிலடியிலும் பள்ளிவாசலடியிலும் வையுங்கள். சனம் சும்மா நின்று சொல்வதில்தான் உண்மை இருக்கும்.

“யாருடைய ஆளுக்குக் கொடுத்தார்கள்” என்ற சந்தேகம் எங்கும் உண்டு. அதற்கும் ஒரு வழி இருக்கிறது. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் வியட்நாம் போரில் இறந்தவர்களுக்கு நினைவிடம் அமைக்க 1981இல் போட்டி வைத்தபோது 1,400க்கு மேற்பட்ட வடிவங்கள் வந்தன. எதிலும் பெயர் இல்லை, இலக்கம் மட்டும். நடுவர்கள் தெரிவுசெய்த பிறகு பார்த்தால், வென்றவர் 21 வயது மாணவி, மாயா லின். நிலத்துக்குள் இறங்கிச் செல்லும் மினுக்கிய கருங்கற் சுவர், அதில் இறந்தவர்களின் பெயர்கள், அவ்வளவுதான். குதிரை இல்லை, கொடி இல்லை. தொடக்கத்தில் கடுமையாக எதிர்த்தார்கள். 1982இல் திறந்த பின் குடும்பங்கள் வந்து தங்கள் பிள்ளையின் பெயரைத் தேடி விரலால் தடவத் தொடங்கினார்கள். பெயரை மறைத்துத் தெரிவுசெய்திராவிட்டால் ஒரு மாணவிக்கு அந்த வாய்ப்புக் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்.

சமூகச் சிற்பம்

ஒரு கலைஞர் செய்து கொண்டுவந்து வைப்பது ஒரு வகை. ஊர் மக்கள் கை வைத்துச் செய்வது இன்னொரு வகை; அதைத்தான் சமூகச் சிற்பம் என்கிறார்கள். இதில் கலைஞர் இல்லாமல் போவதில்லை. அவர் வேலை மாறுகிறது: விதியைச் சொல்லிக் கொடுப்பவராக, பல கைகள் செய்ததை ஒன்றாக நிற்கவைப்பவராக.

1993இல் இங்கிலாந்தின் சென் ஹெலன்ஸ் என்ற ஊரில் அந்தனி கோர்ம்லி என்ற சிற்பி இப்படிச் செய்தார். ஊர்க் குடும்பங்களைச் சேர்ந்த சுமார் நூறு பேர், சிறுவர் முதல் முதியவர் வரை, களிமண்ணைப் பிசைந்து சிறு உருவங்கள் செய்தார்கள். அவர் சொன்ன விதிகள் மிகக் குறைவு: கைக்குள் அடங்கும் அளவு, தானாக நிற்க வேண்டும், கண்கள் ஆழமாக இருக்க வேண்டும். கிட்டத்தட்ட 40,000 உருவங்கள் வந்தன. ஒன்றைப்போல் ஒன்று இல்லை. அவற்றை ஒரு தரை முழுக்க நெருக்கமாக நிறுத்தினால், அத்தனை சோடிக் கண்களும் பார்க்க வந்தவரையே பார்க்கும். விதி சிறியதாக இருந்ததால்தான் எல்லோராலும் செய்ய முடிந்தது. விதி இருந்ததால்தான் எல்லாம் ஒரே சிற்பமாக நின்றது. பள்ளிக்கூடத்தில் ஏதாவது செய்ய நினைக்கும் ஆசிரியர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளலாம். “உங்களுக்கு விருப்பமானதைச் செய்யுங்கோ” என்றால் குவியல்தான் மிஞ்சும். “எல்லாரும் ஒரே மாதிரிச் செய்யுங்கோ” என்றால் தொழிற்சாலைப் பொருளாகிவிடும்.

இந்தியாவின் சண்டிகரில் நடந்தது வேறு மாதிரி. வீதித் திணைக்களத்தில் மேற்பார்வையாளராக இருந்த நேக் சந்த், 1957இலிருந்து காட்டுக்குள் அரச நிலத்தில் யாருக்கும் தெரியாமல் சிற்பங்கள் செய்துகொண்டிருந்தார். புதிய நகரம் கட்டுவதற்காக இடித்த கிராமங்களின் கழிவுதான் அவருக்கு மூலப்பொருள்: உடைந்த கோப்பை, பீங்கான், வளையல் துண்டு. பதினெட்டு ஆண்டுகள் கழித்து அதிகாரிகள் கண்டுபிடித்தார்கள். சட்டப்படி இடிக்க வேண்டிய இடம். மக்கள் ஆதரவால் 1976இல் அது பொதுப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. அவருக்குச் சம்பளமும் உதவியாளர்களும் கொடுத்தார்கள். 1990இல் அதற்குள்ளால் வீதி போட வந்த இயந்திரங்களை மக்கள் குறுக்கே நின்று மறித்தார்கள். 1996இல் அவர் வெளிநாடு போயிருந்தபோது நகரம் பணத்தை நிறுத்தியது, விஷமிகள் சிற்பங்களை உடைத்தார்கள். ஒரே இடத்தின் கதைக்குள் ஊரின் அன்பும் இருக்கிறது, பராமரிப்பு நின்றால் என்னாகும் என்பதும் இருக்கிறது.

நம் நாட்டிலேயே ஒன்று சொல்கிறேன். கட்டுநாயக்காவுக்கு அருகே சீதுவையில், ரத்தொலுவச் சந்தியில், காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்கு ஒரு நினைவுச் சின்னம் உண்டு. வடிவமைத்தவர் சந்திரகுப்த தேனுவர. சுவரில் காணாமல் போனவர்களின் முகங்கள் இருக்கின்றன. ஒவ்வோர் ஆண்டும் ஒக்டோபர் 27இல் குடும்பங்கள் அங்கே கூடுகின்றன. அங்கே அந்தச் சுவரை முழுமையாக்குவது அந்தக் குடும்பங்கள்தான். அவர்கள் வராவிட்டால் அது வெறும் சுவர்.

கேளாமல் வைத்தால்

1981இல் நியூயோர்க்கில் ஓர் அரசாங்க அலுவலகத்தின் முன்றிலில் ரிச்சர்ட் செரா என்ற புகழ்பெற்ற சிற்பியின் உருக்குச் சுவர் ஒன்று நிறுத்தப்பட்டது. 36 மீற்றருக்கு மேல் நீளம், ஆளைவிட இரண்டு மடங்கு உயரம், ஒரு பக்கம் சற்றுச் சாய்ந்தபடி. கலை அறிந்தவர்கள் கொண்டாடினார்கள். அங்கே நாள்தோறும் வேலைக்கு வருபவர்களுக்கோ முற்றத்தைக் கடக்கச் சுற்றிப்போக வேண்டியிருந்தது. மதியச் சாப்பாட்டுக்கு வந்து இருக்கிற இடம் போய்விட்டது. 1985இல் பகிரங்க விசாரணை வைத்தார்கள். பேசிய 180 பேரில் 122 பேர் சிற்பம் இருக்கட்டும் என்றார்கள், 58 பேர் எடுங்கள் என்றார்கள். இருந்தும் 1989இல் ஓர் இரவில் அதை வெட்டி எடுத்துப் போனார்கள்.

இதில் யார் சரி என்று நான் நெடுநேரம் யோசித்ததுண்டு. சிற்பம் நல்லது என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த முற்றத்தைப் பயன்படுத்துபவர்களிடம் வைப்பதற்கு முதல் ஒரு வார்த்தை பேசியிருந்தால், ஒன்றில் அது வேறு இடத்தில் நின்றிருக்கும், இல்லையேல் அவர்களே அதற்காகப் பேசியிருப்பார்கள். வைத்த பிறகு நடத்தும் விசாரணை நீதிமன்ற வழக்குப் போலாகிவிடுகிறது. யாரும் மனம் மாறுவதில்லை.

நமக்கு இந்தப் பாடத்துக்கு நியூயோர்க் தேவையில்லை. 2005 மே மாதத்தில் பஸ் நிலையத்துக்கு அருகே ஓரிரவில் வைக்கப்பட்ட புத்தர் சிலையை அடுத்து எழுந்த ஹர்த்தாலும் பதற்றமும் இங்குள்ளவர்களுக்கு நன்றாக நினைவிருக்கும். அது வழிபாட்டுச் சிலை, கலைத்திட்டத்தோடு சம்பந்தமில்லை. ஆனால் பொது நிலத்தில் எதை நிறுத்தினாலும் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று எல்லோரும் “எங்களைக் கேட்டார்களா?” என்று கேட்கிற நகரம் இது. அந்தக் கேள்வியில் ஒரு பிழையும் இல்லை. அதைத் தொல்லையாக நினைக்கிறவர்கள் பொதுக்கலை வேலைக்கு வரக்கூடாது.

எதிர்ப்போடு தொடங்கி ஊரின் சொத்தானதும் உண்டு. மேலே சொன்ன அதே கோர்ம்லி இங்கிலாந்தின் கேற்ஸ்ஹெட் நகரில் சிறகு விரித்த உருக்கு மனிதன் ஒன்றை 1998இல் நிறுத்தினார். 20 மீற்றர் உயரம், 54 மீற்றர் அகலம். பழைய நிலக்கரிச் சுரங்கம் இருந்த மேடு. காசை வீணாக்குகிறார்கள் என்று ஊரார் பலர் எதிர்த்தார்கள். சில மாதத்துக்குள் உள்ளூர் உதைபந்தாட்ட இரசிகர்கள் அதற்குத் தங்கள் அணியின் 9ஆம் இலக்கச் சட்டையை மாட்டிவிட்டார்கள். அந்தச் சட்டை ஏறிய நாளில்தான் அந்தச் சிற்பம் ஊருக்குச் சொந்தமானது என்பேன்.

உப்புக்காற்று

இனிச் சொல்லப்போவதை நம் ஊரில் யாரும் முதலில் கேட்பதில்லை. முதலில் கேட்க வேண்டியதும் இதுதான். மூன்று பக்கமும் கடல் உள்ள நகரத்தில் எந்தப் பொருளில் செய்வது?

இங்கே சந்திச் சிலைகள் பெரும்பாலும் சீமெந்தில்தான். செலவு குறைவு, வேலை தெரிந்த கைகளும் உண்டு. கடற்கரைப் பக்கம் உள்ள ஒரு பழைய சீமெந்துச் சிலையைக் கிட்டப்போய்ப் பாருங்கள். மேலே வர்ணம் புதிதாக இருக்கலாம். முழங்கைக்குக் கீழே தலைமயிர் அளவு வெடிப்பொன்று ஓடும். அந்த வெடிப்பின் ஓரத்தில் காவி நிறக் கசிவு தெரியும். விரல் ஒன்று போயிருக்கும். போன இடத்தில் கறள் பிடித்த கம்பி நுனி நீட்டிக்கொண்டிருக்கும்.

உள்ளே நடப்பது இதுதான். நல்ல கொங்கிறீட் காரத்தன்மை உள்ளது. அந்தக் காரம் உள்ளே இருக்கும் இரும்புக் கம்பியின் மேல் மெல்லிய ஒரு காப்புப் படலத்தை உண்டாக்கி வைத்திருக்கும். கடற்காற்றில் வரும் உப்பு நுண்துளைகள் வழியாக மெல்ல மெல்ல உள்ளே போய் அந்தப் படலத்தை உடைத்துவிடும். கம்பி கறள் பிடிக்கத் தொடங்கும். கறளுக்கு இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும். இடம் இல்லாததால் உள்ளிருந்து தள்ளும். வெடிப்பு விழும். வெடிப்பால் இன்னும் உப்பும் தண்ணீரும் போகும். வெளியே வர்ணம் பூசுவதால் இது நிற்காது.

இதற்கு மருந்து, கம்பிக்கு மேல் குறைந்தது இரண்டு அங்குலம் கொங்கிறீட் இருப்பது. உப்புக் கழுவாத கடல்மணலைத் தொடாமல் இருப்பது. தண்ணீரை அளவோடு சேர்த்து நெருக்கமாகக் குழைப்பது. ஆனால் ஒரு சிலையின் விரலுக்குள் இரண்டு அங்குலக் காப்புக்கு எங்கே இடம்? விரலும் காதும் கைத்தடியும் முதலில் விழுவது அதனால்தான். ஆகவே சீமெந்தில் செய்வதென்றால் வடிவமே தடித்ததாக, நீட்டல் இல்லாததாக இருக்கட்டும். மடங்கி உட்கார்ந்த ஆமை நிலைக்கும். கையை நீட்டி வழிகாட்டும் தலைவர் நிலைக்கமாட்டார்.

வெண்கலத்துக்கு நம்மூரிலேயே சாட்சி இருக்கிறது. 1950இல் நகரசபை கிணறு வெட்டியபோது, கோணேசர் கோவிலிலிருந்து சில நூறு யார் தூரத்தில், மண்ணுக்குள்ளிருந்து சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், அம்மன் திருவுருவங்கள் வெளிவந்தன. முன்னூறு ஆண்டுகளுக்கு மேல் ஈர மண்ணில் கிடந்தும் முகத்தின் அமைதி குலையவில்லை. வெண்கலமும் காற்றோடு கலந்து நிறம் மாறும். ஆனால் அந்தப் பச்சைப்படலம் உள்ளிருப்பதைக் காக்கும். விலைதான் தடை. கருங்கல்லும் அப்படியே நிலைக்கும்: கோணேசர் கோவில் நிற்கும் சுவாமி மலையடியில் கடலுக்குள் கிடக்கும் கோவில் தூண்களை 1956இல் எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அவர் தோழர் மைக் வில்சனும் நீந்திச் சென்று கண்டார்கள். அத்தனை கால அலைக்கும் கல் கல்லாகவே கிடந்தது.

கறள் பிடிக்காத உருக்கு என்று கடையில் விற்பதெல்லாம் ஒன்றல்ல. சமையலறைக்கு வரும் 304 வகை கடலோரத்தில் பழுப்புப் புள்ளி போடும். மொலிப்டினம் சேர்ந்த 316 வகைதான் இங்கே தாங்கும்; அதுவும் ஒட்டிய இடங்களை நன்றாக மினுக்கி, அவ்வப்போது நல்ல தண்ணீரால் கழுவினால். கறள் நிறத்திலேயே அழகாக நிற்கும் ஒரு வகை உருக்கு உண்டு, கேற்ஸ்ஹெட் சிற்பம் அதில்தான். படத்தில் பார்த்து ஆசைப்பட்டு இங்கே கொண்டுவர வேண்டாம். உப்பு ஓயாத காற்றில் அதன் காப்புப் படலம் நிலைக்காது, தின்றுகொண்டே போகும்.

சுவரோவியத்துக்கு வேறு எதிரி. 2019 இறுதியில் நாடெங்கும் இளைஞர்கள் மதில்களில் வரைந்தார்கள், எவ்வளவு உற்சாகம் அது. இரண்டு மாரிக்குள் பல உரிந்துவிட்டன. மதிலின் அடிப்பகுதி நிலத்து ஈரத்தை உறிஞ்சும். ஈரத்தோடு வரும் உப்பு வர்ணத்தை உள்ளிருந்து பொம்மவைக்கும். ஆகவே தரையிலிருந்து இரண்டு அடிக்கு ஓவியம் வேண்டாம், வெறும் சுண்ணாம்பு அடித்து விடுங்கள். நம் பக்கம் வடகீழ்ப் பருவமழை ஒக்டோபரில் தொடங்கிச் சனவரி வரை நிற்கும். சுவர் காய்ந்த பின், மாசி பங்குனியில் தொடங்குங்கள். மலிவான பளிச்சென்ற சிவப்பும் மஞ்சளும் வெயிலில் முதலில் வெளுக்கும். காவி, மண் மஞ்சள் போன்ற மண்சார்ந்த நிறங்கள் நீண்டகாலம் நிற்கும்.

வள்ளம் வைத்திருப்பவர் ஒவ்வோர் ஆண்டும் அதைக் கரையேற்றிச் சுரண்டிப் பூசுவார். பூசாமல் கடலில் விடுவது பற்றி அவர் நினைத்தும் பார்க்க மாட்டார். சிற்பத்துக்கும் அப்படி ஒரு நாள் குறித்து வைக்க வேண்டும். நல்ல திட்டங்கள் மொத்தப் பணத்தில் ஒரு பங்கைத் தொடக்கத்திலேயே பராமரிப்புக்கென்று பிரித்து வைப்பது இதற்காகத்தான்.

இங்கே எது பொருந்தும்

கோட்டைப் பக்கம் திரியும் மான் நம் எல்லோருக்கும் பிரியமானது. ஆனால் எல்லாச் சந்தியிலும் சீமெந்து மான் நிற்பதில் எனக்கு விருப்பமில்லை. உயிருள்ள மான் வீதியில் பொலித்தீன் தின்றுகொண்டிருக்கும் ஊரில் அது கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. கரைவலை இழுப்பவர்களின் முடிச்சுகளை எடுத்துக்கொண்டால் எவ்வளவு வடிவங்கள்! அவர்கள் பாடும் அம்பாவின் தாளத்தை ஒரு நடைபாதையின் கல் வரிசையாக அமைக்கலாம்; நடந்தால் கால் அந்தத் தாளத்தில் விழும்.

கிண்ணியாவிலோ மூதூரிலோ செய்வதென்றால் உருவச்சிலையைத் தவிர்ப்பதுதான் மரியாதை. முஸ்லிம் மக்களின் கலை மரபில் கோலவடிவமும் எழுத்தும் மிக வளமானவை. மனித உருவம் இல்லாமலே ஒரு பெரிய சிற்பம் செய்யலாம். 2009இல் திறந்த 396 மீற்றர் கிண்ணியாப் பாலத்துக்கு முன்பு மக்கள் ‘பாதை’ என்ற மிதவைப் படகில் ஏறிக் கடந்த அந்தத் துறையை நினைக்கும் ஒரு வேலைப்பாடு, இரு கரையிலும் உள்ளவர்களைச் சேர்த்துப் பேசவைக்கும். பெயர்ப்பலகையில் மூன்று மொழியும் ஒரே அளவு எழுத்தில் இருக்கட்டும். எங்கள் வெயிலில் உருக்கு கையைச் சுடும், ஆகவே பிள்ளைகள் தொடும் உயரத்தில் கல்லோ மரமோ வேண்டும். நிழலும் இருக்கையும் சேர்ந்த சிற்பத்தை எந்த ஊரும் வெறுத்ததில்லை.

அனுமதியும் உரிமையும்

முதலில் நிலம் யாருடையது என்று பாருங்கள். ஏ6, ஏ12, ஏ15 போன்ற பெருவீதிகளும் அவற்றின் சுற்றுவட்டங்களும் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கீழ் வரும். கடற்கரைக்குக் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களம். கோட்டைப் பக்கம் போனால் தொல்பொருள் திணைக்களம். உள்வீதியும் பூங்காவும் உள்ளூராட்சி மன்றம். சிற்பியின் உரிமையும் உண்டு: 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டப்படி, தன் பெயர் சொல்லப்பட வேண்டும் என்றும், தனக்கு இழுக்கு வரும்படி படைப்பைத் திரிக்கக் கூடாது என்றும் கேட்க அவருக்கு உரிமை இருக்கிறது. வேறு நிறம் பூச, இடம் மாற்ற, ஒரு நாள் அகற்ற நேர்ந்தால் என்ன செய்வது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது இரு பக்கத்துக்கும் நல்லது.

தொடங்குகிறவர்கள் சந்தியில் தொடங்க வேண்டாம். ஒரு பாடசாலை மதில், ஒரு நூலக முற்றம், ஒரு கிராமத்து பஸ் தரிப்பிடம் போதும். அனுமதி ஓரிடத்தில் கேட்டால் முடிந்துவிடும், பிழைத்தாலும் திருத்தலாம். பொறுப்பானவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்: இடத்தின் படம், மாதிரியுருவின் படம், என்ன பொருளில் செய்வது, யார் யாரிடம் எந்த நாளில் கேட்டோம், அவர்கள் என்ன சொன்னார்கள், மறுத்தவர்கள் சொன்னது என்ன, செலவு எவ்வளவு. அதற்குக் கீழே, ஒவ்வொரு மாரி முடிந்ததும் அதைக் கழுவிப் பார்த்து வெடிப்பு இருக்கிறதா என்று எழுதிவைக்கப்போகும் இரண்டு பேரின் பெயரும் கையெழுத்தும். அந்த இரண்டு பேர் கிடைக்கும்வரை கடிதத்தை அனுப்ப வேண்டாம்.